பெஞ்சின் இடது முனை

ஊய் கிம் ஹோக் வந்த முதல் நாள்
எங்கள் பெயர்களைக் கேட்கவில்லை.
கெலுகோர்த் திடலின் வடக்குக் கோலுக்குப் போய்
இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு
அடிமேல் அடி வைத்து நடந்தார்.
குறையுது லா, என்றார்.
சிரித்தோம்.
டேப் வந்தது.
ஒரு சாண் குறைந்தது.

சொந்தத் திடலில் லேசில் கோல் வாங்காத கல்லூரி
என்று பதினோரு வருடமாக ஒரு பேச்சு.
அதில் எங்களுடையது எவ்வளவு,
அந்தச் சாணுடையது எவ்வளவு,
யாரும் கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை கம்பத்தைப் பிடுங்கி நகர்த்தினோம்.
பழைய குழியை மண் போட்டு மூடியது நான்.
மாற்றுக் கோலிக்கு அப்படித்தான் வேலை வரும்.

முதல் ஆட்டம் மூன்றுக்குப் பூச்சியம்.
இரண்டாவது பட்டர்வொர்த்தில்;
திரும்பும் பெர்ரியில் யாரும் பேசவில்லை,
கவிலன் மட்டும்
நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்டை
விரல் நீலமாகும்வரை சுற்றிக்கொண்டிருந்தான்.
அந்த ஒரு சாண் வழியா
சீசனே வெளிய போகுது, என்றான் ஷார்வின்.
முன்னாள் மாணவர்கள்
முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு.
பெஞ்சின் இடது முனையில் அவர்,
ஒட்டினாற்போல் நான்.
எதிரணி கார்னர் எடுத்தால்
அவர் வலது முழங்கால் தையல் மெஷின்.
பெஞ்சு ஆடும். என் தண்ணீர் போத்தல் ஆடும்.
முகம் மட்டும்
வங்கியில் நம்பர் வாங்கி உட்கார்ந்தவர் முகம்.
ஆறாவது ஆட்டத்தில் முதன்முதலாக ஜெயித்தோம்.
எல்லாரும் திடலுக்குள் ஓடினார்கள்.
அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது.
கைகொடுத்துத் தூக்கினேன்.

கடைசி ஆட்டம்.
கொடிமலை மேகத்துக்குள் போய்விட்டது.
ஒன்றுக்கு ஒன்று, எண்பத்தெட்டாவது நிமிடம்,
ஷார்வின் ஓர் ஆளை வாரிவிட்டான்.
சிவப்பு அட்டை. பெனால்டி.
கவிலனை வெளியே கூப்பிட்டு
என்னைப் பார்க்காமலே
போ, என்றார்.

வடக்குக் கோல்.
அங்கிருந்து பெஞ்சு ஒரு தீப்பெட்டி.
பதினோரு ஆட்டத்தில் முதல் முறை
அந்த முழங்கால் ஆடுகிறதா இல்லையா என்று
எனக்குத் தெரியவில்லை.

சரியான பக்கம்தான் பாய்ந்தேன்.
நடுவிரல் பட்டது.
பந்து, நான் மூடிய குழிக்கும்
நகர்த்திய கம்பத்துக்கும் நடுவில்
உள்ளே போனது.

பன்னிரண்டு அணியில் ஏழாவது இடம்.

எல்லாரும் போனபின் வந்தார்.
சப்பாத்து முனையால் அந்த மண்ணை அழுத்தி
இங்கேதானே, என்றார்.
இங்கேதான்.
ம், என்றார்.
கூம்புகளைப் பொறுக்கி
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன்.
அவர் நின்றுகொண்டே இருந்தார்.
விசில் ஊதி இருபது நிமிடம் ஆகியும்
அந்த முழங்கால் நிற்கவில்லை.