வர்க்கி

மார்க்கெட் சரிவில், மலை ரயில் ஊதுவது கேட்கும் தூரத்தில்
எங்கள் அடுப்பு.
விடியுமுன் மூன்றரைக்கு மாவை மடிக்கிறேன்,
மடித்ததை மடிக்கிறேன்,
டால்டா தடவி மறுபடியும்.
எத்தனை மடிப்போ அத்தனை உதிரும்.
உதிராத வர்க்கியை ஊட்டியில் எவர் வாங்குவார்?

என் தலையும் அதே தொழிலைப் பழகிக்கொண்டது
போன வருஷம் உறைபனி விழுந்த வாரத்தில்.
முதலில் காதுக்கு மேலே ஒரு ரூபாய் அளவு.
பிறகு பிடரி. பிறகு முடி தொடங்கும் நெற்றிக் கரை.
நகம் பட்டால் அடுக்கடுக்காய்ப் பெயர்ந்து வந்தது
வெள்ளி மினுக்கோடு.
பெயர்ந்த இடத்தில் ஊசிமுனை ரத்தம்.

'பொடுகுதான் இன்னாசி' என்றார்கள்.
பொடுகுக்கு ஊரில் ஆளுக்கு ஆள் டாக்டர்.
பால்காரர் எலுமிச்சை என்றார். எரிந்தது.
தைலம் காய்ச்சும் மைத்துனன் ஒரு பாட்டில் கொடுத்தான்,
அன்றிரவு அடுப்புக்குள் தலையை விட்டாற்போல் இருந்தது.
சலூன்காரர் முதலில் வேறு துண்டு எடுத்தார்,
அடுத்த முறை வேறு சீப்பு,
அதற்கடுத்து 'நாளைக்கு வாங்களேன்'.
அந்த நாளை ஏழு மாதம் ஓடியது.

கோயம்புத்தூரில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கிளினிக்.
மண்டையைப் பெருக்கி டிவியில் காட்டினார்கள்:
மரம் வெட்டித் தள்ளிய சரிவு, ஆங்காங்கே அடிக்கட்டை.
'நட்டுடலாம் சார், நாற்பதாயிரம், தவணை உண்டு.'
டாக்டரா என்று கேட்டேன் கோட் போட்ட பெண்ணை.
'கன்சல்டன்ட்' என்றாள்.
கல்லாறு தாண்டி வளைவு வளைவாய் பஸ் ஏறும்போது
என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது,
நின்றுகொண்டு வந்தவர்கள் ஆறு பேர்.

முதலாளி கெட்டவரல்ல.
ஒருநாள் தட்டிலிருந்து ஒரு துகளை எடுத்து
பல்பு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
வர்க்கியா, நானா?
அவருக்கும் தெரியவில்லை. எனக்கும்.
மறுநாள் ஒரு குரங்குக்குல்லாய் வாங்கித் தந்து
விறகுக் கொட்டகைக்கு மாற்றினார்.

விறகு லாரி டிரைவர்தான் முழங்கையைத் தூக்கிக் காட்டினார்.
'எனக்கும் இருந்தது. பெரியாஸ்பத்திரி, தோல் ஓ.பி.,
செவ்வாயும் வெள்ளியும். அஞ்சு பைசா கிடையாது.'
வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.
அதற்கா நான் மலை இறங்கினேன்.

டோக்கன் அறுபத்திரண்டு.
வரிசையில் பாதிப் பேர் தலையில் குல்லாய்.
குளிருக்குத்தான் என்று
இந்த ஊரில் எல்லோரும் நம்பிக்கொள்ளலாம்.

'கழற்றுங்க' என்றார் டாக்டர் நஸ்ரின்.
மாதக்கணக்கில் காற்றுப் படாத இடம், சில்லிட்டது.
கையுறை இல்லாத விரலால் வகிடு பிரித்தார்,
தேயிலைச் செடிகளை விலக்கி நடக்கிறவர் மாதிரி, அவசரமில்லாமல்.
பிறகு முழங்கை, முட்டி, நகம்.
நகத்தில் குண்டூசிக் குழிகள்.
நான் மாவு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவி வந்தவை.
'சொரியாசிஸ். தொத்தாது.'
'அதை எழுதிக் கொடுங்க மேடம்.'
'எதை?'
'தொத்தாதுன்னு.'
எழுதினார். முத்திரையும் குத்தினார்.

தார் ஷாம்பூ, பத்து நிமிஷம் ஊற வேண்டும்.
புதிதாய் ரோடு போட்ட வாசனை, பெளசி ஜன்னலைத் திறக்கிறாள்.
ராத்திரிக்கு லோஷன், வகிடு வகிடாய்.
அவள்தான் சொட்டுவிடுகிறாள், 'ஆடாதே மனுஷா' என்று அதட்டியபடி.
செதிலைப் பிய்க்கக் கூடாது.
கேட்காமல் லோஷனை மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது.
'போயிடுமா?' என்றேன்.
'பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.
அப்போ நீங்களும் இங்கே எட்டிப் பாருங்க.'

அடுப்புக்குத் திரும்பிய வாரம்
கால் கிலோ வர்க்கி கட்டிக்கொண்டு போனேன்.
கூட்டம் வடிந்ததும் மேஜையிலேயே கடித்தார்.
ஓ.பி. சீட்டில் என் பேரின் மேல் உதிர்ந்தது.
என் கை தானாகத் தலைக்குப் போயிற்று.
அவர் ஒரு ஊது ஊதிவிட்டு
'இது உங்க கடையோடது' என்றார்,
வாயில் பாதி வர்க்கியோடு.