பதினோரு சதுர அடி

கப்பலே கவிழ்ந்தாலும்
கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள்.
கன்னத்தில் கை வைத்துக்
கப்பல் கவிழ்ந்த கதைகளைப் படிப்பதற்குத்தான்
ஃபோர்ட்டில் எனக்குச் சம்பளம்.
தரை தட்டியது. தீப்பிடித்தது.
நாலாயிரம் மூட்டைச் சர்க்கரையைக் கடல் குடித்தது.
நஷ்டத்தைக் கூட்டிக் கழித்து
ஹார்பர் லைனில் வடாலா வந்து இறங்குவேன்.

வீட்டில் ஒன்பது கப்பல்கள்.
ஒன்றும் கவிழாது.

முதலாவது சோர் பஜாரில் கிடைத்தது,
நின்றுபோன கடிகாரங்களுக்கும்
மூக்குடைந்த சலவைக்கல் நாய்க்கும் நடுவில்.
ஒன்றரை அடிச் சரக்குக் கப்பல்.
மூடிப்போன ஏதோ கம்பெனியின்
வரவேற்பறையில் இருந்ததாம்.
இம்தியாஸ் பாய் மூவாயிரம் சொன்னார்.
நான் அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே செங்காவி,
கடுகளவு ஆணித்தலைகள், சுக்கான்,
நாலு இதழ்ப் பித்தளை விசிறி.
துறைமுகத்தில் நிற்கிற எந்தக் கப்பலும்
இதைக் காட்டுவதில்லை.
பாதியைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டுதான்
நம்மோடு பழகும்.
ஆயிரத்தெண்ணூறுக்குத் தந்தார்.

லேடீஸ் பெட்டியில் மடிமேல் வைத்துக்கொண்டேன்.
எதிரே கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள்
எத்தனை பேர் ஏறலாம் என்று மராத்தியில் கேட்டாள்.
உயிர்காக்கும் படகுகளை எண்ணிவிட்டு
நாற்பது என்றேன்.
உட்கார்ந்தா, நின்னுக்கிட்டா என்றாள்.

ஒன்று வாங்கினால் அலங்காரம்.
இரண்டாவதை வாங்கிய அன்றுதான்
வியாதி என்று தெரிந்தது.
அது தனியாக நிற்கச் சகிக்கவில்லை என்று
ஜெபக்குமாரிடம் சொல்லிப் பார்த்தேன்.
அவன் வீடு விற்றுத் தருகிறவன்.
டேப்பை எடுத்து அலமாரியை அளந்தான்.
"இந்த ஏரியாவில் சதுர அடி இருபத்தெட்டாயிரம்.
உன் கப்பற்படைக்குப் பதினோரு சதுர அடி.
மூணு லட்சத்து எட்டாயிரம் ரூபாய்
சும்மா நிக்குது."

சும்மாதான்.
ஞாயிற்றுக்கிழமை பழைய மைப் பிரஷ்ஷால்
பாய்மரக் கயிறுகளில் தூசி தட்டும்போது
நானும் அதைத்தான் நினைப்பேன்.
இந்த ஊரில்
சும்மா நிற்க வேறு யாருக்கு இடமிருக்கிறது?

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
குளியலறைச் சாக்கடை வழியாகத்தான் முதலில் வந்தது,
யாரோ விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுபோல
மரியாதையாக.
பிறகு வாசல் வழியாக, மரியாதையில்லாமல்.
கரண்ட் போயிற்று.
ஜெபக்குமார் ஸ்டூலில் ஏறினான்.
நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.
எட்டு பரண் ஏறிவிட்டன.
கீழ்த்தட்டில் இருந்த பத்தேமாரியை மறந்துபோனோம்.
தேக்கில் செய்தது, சாணளவு.
தானாகவே புறப்பட்டுவிட்டது.

இரண்டடி போனது.
அப்புறம் அலுத்துப்போனவள் மாதிரி
ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.
முடிச்சுகளையெல்லாம் ஒழுங்காகப் போட்டவன்
அடியில் பாரம் வைக்கவில்லை.
பேர்தான் கப்பல்,
தண்ணீரை அதற்குப் பழக்கமில்லை.

பழக்க தோஷத்தில் மனசு படிவத்தை நிரப்பிற்று.
இடம்: சமையலறை வாசல்.
நீரின் ஆழம்: ஒன்பது அங்குலம்.
சரக்கு: இல்லை. மாலுமிகள்: இல்லை.
மீட்கப்பட்டோர்:
கரப்பான்பூச்சி ஒன்று,
பாயின் நுனியில் மீசையாட்டிக்கொண்டு.
சிரித்துவிட்டேன்.
முழங்கால் வரை சாக்கடையில் நின்றுகொண்டு.

மேலே சத்தமில்லை.
நிமிர்ந்து பார்த்தால்,
போன் வெளிச்சத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
பரண் விளிம்பில் தாடையை ஊன்றி
ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.
கண்ணை மேல்தளத்தின் உயரத்துக்குக் கொண்டுபோனால்
கப்பல் பெரிதாகிவிடும்.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அரிசி டப்பா நனையுது என்றேன்.

இரு, என்றான்.