பதினாறு தறிகளுக்கு நடுவே

வேலூரில் செவிச் சோதனை முடிந்து
வரைபடத்தை நீட்டினாள் அந்தப் பெண்.
கோடு சமமாகப் போய்க்கொண்டிருந்தது
நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை.
அங்கே ஒரு பள்ளம்,
பாலாற்றில் ராத்திரி லாரி வந்துபோன இடம் மாதிரி.
"என்ன வேலை பார்க்கிறீங்க?"
சொன்னேன்.
"அதான்" என்றாள்.

என் இருக்கைக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு சுழலிகள்.
ஒரே நாளில் ஆறு ஊர் ஏறி இறங்கும் சின்ன விமானம்.
பழைய ஹெட்செட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே
மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒரு நூல் இடைவெளி விடும்.
அந்த நூல் வழியே
மொத்த ஆகாயமும் உள்ளே வரும்.

விடுமுறைக்குக் குடியாத்தம் வந்தபோது
பையில் மூன்று ஹெட்செட்,
மூன்று பேரிடம் இரவல்.
சோதிக்க இடம் தேட வேண்டியதில்லை.
அண்ணன் தயாளனின் கொட்டகையில்
கைலி ஓடும் பதினாறு தறி.
உள்ளே பேச்சு கிடையாது,
உதடும் புருவமும்தான்.
போனில் அளந்தேன்: தொண்ணூற்றெட்டு டெசிபல்.
என் காக்பிட் இதைவிடக் குறைவு.
அதை நான் வீட்டில் சொன்னதேயில்லை.

முதலாவது, மின்சாரம் கேட்காது,
இறுக்கிப் பிடித்தே அமைதி வாங்கும்.
அரை மணியில் என் தலை
சர்பத் கடைக்காரன் கையில் எலுமிச்சம்பழம்.

மூன்றாவது காதுக்குள் புகும், எடையே இல்லை.
ஆனால் இது மே மாதம், இது குடியாத்தம்,
வியர்வையில் வழுக்கி வழுக்கி வெளியே வந்தது.

இரண்டாவதை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.
இரைச்சலுக்கு எதிர் இரைச்சல் செய்து
இரண்டையும் கணக்குத் தீர்க்கும் வித்தை அது.
தறிகளின் அடிவயிற்று உறுமல்
தரையோடு தரையாகப் போய் உட்கார்ந்தது.
நாடா ஓடுவது மட்டும் மிச்சம்,
பல்லாங்குழியில் புளியங்கொட்டை விழுவது போல.
பேட்டரியைக் கழற்றினேன்.
தறிகள் திரும்பி வந்தன, ஆனால் பாதிதான்.
பரவாயில்லை.
நடுவானில் பேட்டரி செத்தாலும் இது கைவிடாது.

நான்கு தறி பார்க்கும் கெங்கம்மா
கையை நீட்டினாள், கொடு என்று.
கனகாம்பரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு மாட்டினாள்.
புருவம் இரண்டும் மெல்ல இறங்கின.
அவள் முகம் அப்படித் தளர்ந்து
நான் பார்த்ததில்லை.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு கண் ஏழாம் தறிக்குப் போனது,
கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.
பாவு அறுந்து
ஒரு சாண் துணி வீணாகியிருந்தது.

டீ இடைவேளையில் வாசலுக்கு வந்து சொன்னாள்:
"தறி செத்தாக்கூடத் தெரியாது போல கீதும்மா.
இன்னா வெலை?"
பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.
"அதுல செகண்டு தறி ரெண்டு வாங்கலாமே!"
சிரித்தாள்.
தயாளன் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

அன்று இரவு தூங்காமல்
எச்சரிக்கை மணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன்,
பக்கத்தில் பழைய மிக்ஸியை ஓடவிட்டு.
இறக்கை தாங்காதபோது அலறும் ஒலி,
தீ மணி,
சுருதி இறங்கும் எஞ்சின்.
அறுந்தால் தெரிய வேண்டும் எனக்கும்.
இரண்டாவதில் எல்லாம் கேட்டது,
முன்பைவிடத் தெளிவாக.
கண்ணாடிக்கு மெல்லிய காம்பு போட்டுக்கொள்வேன்.
முடிவு அவ்வளவுதான்.

எட்டாம் நாள் ஒரே பெட்டியில் வந்தன இரண்டும்:
எனக்கு ஒன்று, ஒரு லட்சத்துச் சொச்சம்.
கொட்டகைக்கு மஞ்சள் நுரை அடைப்பான்,
ஐம்பது ஜோடி, நானூறு ரூபாய்.
தயாளன் பில்லை இரண்டு முறை படித்தான்.
"இவ்ளோதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"
ஒன்பது வருடமாகப் பறக்கிறேன்.
பதில் தேடிப் பெட்டியின் அட்டையை மடித்தேன்,
திரும்ப மடித்தேன்.

உள்ளே கெங்கம்மா
நுரையை விரலில் உருட்டி
இடது காதில் மட்டும் செருகினாள்.
வலது காதைத் தொட்டுக் காட்டி
உதட்டை அசைத்தாள்:
இது தறிக்கு.