பத்தாம் நம்பர் ராடு

பழங்காநத்தம் பட்டறையில்
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
மூன்று பேர் வந்தார்கள். சோணை முன்னால்,
அரிவாள் இன்னும் தினசரித் தாளுக்குள்.
"ஒம் மச்சினன் எங்கடா?"

மச்சினன் என் கால்மாட்டில்,
பாதி முடிந்த கிரில் கேட்டுக்குப் பின்னால்.
கண்ண மூடுடா என்றேன்.
ராடை இரும்பில் உரசினேன்.

வெயிலுக்குப் பழகிய ஊர்தான்.
இது ராத்திரி எட்டரைக்கு
முகத்துக்கு ஒரு முழத்தில் உதித்த வெயில்.
அரிவாள் தண்ணீர் டிரம்மில் விழுந்தது.
ஒருவன் சுவரைத் தடவித் தடவி
"அண்ணே, அண்ணே" என்றான்.
எங்களுக்கு அது போதும்.
பின்சந்து, சாக்கடை, பைபாஸ்.

அவசரத்தில் நானும் முகமூடி போடவில்லை.

இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மணல் லாரி கவிழ்ந்தது.
கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள்.
கண்ணாஸ்பத்திரி.
சொட்டு மருந்து, பஞ்சு, இரண்டு கண்ணுக்கும் கட்டு.
பெஞ்சில் பக்கத்தில் யாரோ முனகினார்கள்.
"வெல்டிங்கா?"
"ம்."
"தேய்க்காத. நாளைச் சாயங்காலம் சரியாயிரும்."

கொஞ்ச நேரம் கழித்து
"சரி" என்றது
சோணையின் குரல்.

நர்ஸ் வந்து பெயர் கேட்டாள்.
இரண்டு பேருமே சொல்லவில்லை.