முப்பத்தொரு கிலோ

செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வகுப்பு.
வூப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலில்
ஐந்து தரிப்பு.
பார்சல் கூடத்துச் சம்பளச் சீட்டைக் காட்டியதும்
கட்டணத்தில் கொஞ்சம் குறைத்தார்கள்.

முதல் நாள் திரையில் ஒரு கனசதுரம்.
சாம்பல் நிறம், எல்லோருக்கும் அதே.
சுழற்றலாம் என்று மவுஸை அசைத்தேன்.
அது அப்படியே நின்றது, நான்தான் அதைச் சுற்றினேன்.
அடியில் போனேன். பிறகு
எப்படியோ அதற்குள்ளேயே போய்விட்டேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் பெட்டி தொடுகிறவள் நான்,
உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டியை
அன்றுதான் கண்டேன்.

பக்கத்து மேசையில் ஊவே, ஓய்வு பெற்ற பல் வைத்தியர்.
பறவை செய்யச் சொன்னால் கடைவாய்ப்பல் செய்வார்.
கதிரை செய்யச் சொன்னாலும்
அதற்கு வேர் இருக்கும்.

நாலாம் கிழமை, பந்து.
ஒன்றாம் ஃப்ரேமில் மேலே வை,
பன்னிரண்டில் கீழே வை,
நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பும்.
நிரப்பியது.
கல்யாண மண்டபத்துக்குப் பிந்தி வந்த மாமி
ஆறுதலாய்க் கதிரை தேடுவதுபோல
இறங்கி வந்தது என் பந்து.
"நிலாவில் விழுகிறதா?" என்றான் யானிக்,
எங்கள் வாத்தியார், என்னில் பாதி வயது.
பல் வைத்தியரும் சிரித்தார்.
பந்துக்குக் கறுப்படித்தேன், இரும்பாய் மினுக்கினேன்.
மினுங்கிக்கொண்டே மிதந்தது.

மறுநாள் பெல்ட்டின் முன்னால் நிற்கிறேன்.
சப்பாத்துப் பெட்டி வருகிறது.
கை போனது, பெட்டி வந்தது, முடிந்தது.
பூனைத் தீன் வருகிறது.
கை போகிறது. நிற்கிறது.
முழங்கால் மடிகிறது, இடுப்பு பின்னுக்குத் தள்ளுகிறது.
பிறகும் பெட்டி அசையவில்லை.
பிறகுதான் அசைகிறது.
அந்தப் பிறகுக்கும் இந்தப் பிறகுக்கும் நடுவில்
இருந்தது
பூனைத் தீனின் முழுப் பாரமும்.
பதினோரு வருடம் தூக்கியிருக்கிறேன்,
ஒருநாளும் பார்த்ததில்லை.

டொரோத்தாவைக் கேட்டேன்,
முப்பத்தொரு கிலோவை ஒருதரம் தூக்கு, போனில் எடுக்கிறேன்.
"தொழிற்சங்கத்துக்குக் கொடுக்கவா?"
"இல்லை, ஒரு கார்ட்டூனுக்கு."
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்,
தலைமுடியை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூக்கினாள்.

பதினேழு இரவு.
எலும்பு போட்டேன், முழங்கை பின்பக்கம் மடிந்தது.
தோல் போட்டேன், தலை வயிற்றுக்குள் இறங்கியது.
திரும்ப எடுக்கும் எழுத்து
விசைப்பலகையில் தேய்ந்து மறைந்தது.
ரயிலில் போகும்போதும் எண்ணினேன்.
வளைவில் பெட்டி சரிகிறது, நிமிர ஒன்பது, பத்து,
இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டது.

கடைசி இரவு ரெண்டர்.
காற்றுப் போகட்டும் என்று
பழைய லேப்டாப்பை இடியப்பத் தட்டுகளின் மேல் வைத்தேன்.
விசிறி கத்திய கத்தலில்
நடுச்சாமத்தில் வீடு கூட்டுகிறேன் என்று
கீழ்வீட்டு ஹுல்ஸ்மன் அம்மா
தும்புத்தடியால் இடித்தா.
நான் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
நான் அசையாவிட்டால் விசிறி அடங்கிவிடும் போல.

மூன்று செக்கன்.
முகமில்லாத ஒருத்தி
சாம்பல் கனசதுரம் ஒன்றைத் தூக்குகிறாள்.
அறுபத்தோராம் ஃப்ரேமில் அவள் பெருவிரல்
பெட்டிக்குள் புகுந்து வெளியே வருகிறது.
அதைத் திருத்த இன்னும் தெரியாது.

கோப்பி இடைவேளையில் டொரோத்தாவுக்குக் காட்டினேன்.
ஒருதரம் பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள்.
மூன்றாம் தரம்
அவளுடைய இடக்கை தானாக எழும்பிப் போய்
இடுப்பைப் பிடித்தது.
"மூஞ்சி எங்கே?"
"அது பதினோராம் பாடம்."
"என்னுடையதைப் போட்டுவிடாதே, வேலை போய்விடும்."

மணி அடித்தது, பெல்ட் ஓடத் தொடங்கியது.
கை இன்னும் இடுப்பிலேயே இருக்க
நடந்து போனாள்.
நான் காலடிகளை எண்ணிக்கொண்டு பின்னால் போனேன்.