ஆறப் பொறுக்காதது

நள்ளிரவு தாண்டி லாரி வந்தது,
சாவோ பக்கத்து மரம் அறுக்கும் ஆலையிலிருந்து.
பதினான்கு டன் பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய்.
உறைந்த பேனாவை வாயால் ஊதி ஊதி
கையெழுத்துப் போட்டான் ஒஸ்மோ.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ஆயிரத்து இருநூறு.
நடுவில் ஒரு செங்கல் சுவர், நான், என் காபி.

அந்த ஆலையில்தான் அண்ணன் ராய்மோ வயர்மேன்.
குளிருக்கு இதமென்று இதே எண்ணெயில் கை கழுவுவான்.
'தீப்பிடிக்காத சரக்கு, ஹெல்வி' என்பான்,
'கெட்டே போகாது.'
கெடவில்லை. அதுதான் கேடு.
ஐம்பத்தொன்றில் அவனுக்கு ஈரல் போயிற்று.
மருத்துவர் காரணம் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

தீப்பிடிக்காததை எரிப்பது என் சம்பளம்.

இரண்டு விநாடி போதும்.
கார்பனை விட்டுக் குளோரின் கழன்று விழும்;
விழுந்ததும் துணை தேடும்.
ஒரு மூலக்கூறில் குளோரின் ஏழு, ஹைட்ரஜன் மூன்றே.
கோடையில் ஏரிக்கரை நடனக் கொட்டகை போல:
ஜோடி கிடைக்காத நாலு பேர்
வெளியே போய் வம்பு வளர்ப்பார்கள்,
பச்சை மஞ்சளாய், மூக்கைக் கிழித்துக்கொண்டு.
அதற்குத்தான் நீராவி விடுகிறேன்.
ஆளுக்கொரு ஹைட்ரஜன்.
அமிலமாகி வாருங்கள், பரவாயில்லை,
அமிலத்துக்கு மருந்து இருக்கிறது.

பயம் நெருப்பில் இல்லை.
நெருப்பு தாண்டி, நானூறுக்கும் இருநூறுக்கும் இடையில்,
புகைக்கரியும் துளிச் செம்பும் சும்மா கிடக்கிற இடத்தில்
உடைந்ததெல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.
வளையம் வளையமாய்க் கைகோக்கும்,
முன்னிலும் கொடியதாய்.
ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கலாம், மற்ற வீடுகளில்.
இங்கே கூடாது.
தண்ணீரை அடி.
நினைவு வருமுன் குளிர வை.

பிறகு காரம். பிறகு உப்பு,
வெறும் உப்பு.
யாரும் சூப்பில் போடமாட்டார்கள், அவ்வளவுதான்.

நாலரைக்கு உலை கொஞ்சம் தளர்ந்தது;
ஆயிரத்துத் தொண்ணூறு.
வால்வு தானாக மூடிக்கொண்டது.
ஏறும்வரை நின்றேன்,
கையுறைக்குள் விரல்களை எண்ணிக்கொண்டு.

விடிந்ததும் அறிக்கையில் எழுதுவேன்:
பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் தப்பலாம்.
டன்னுக்கு ஒரு கிராம்.
பதினான்கு கிராம் என்றால்
இந்தக் காபி டப்பாவின் கரண்டியில் இரண்டு.

நான் எப்போதும்
இரண்டு கரண்டிதான் போடுவேன்.