பால்காரர் கேட்டது

எம்பராராவில் மின்சாரம் போனால்
முதலில் தெருவிளக்குப் பூச்சிகள் கலையும்,
பிறகு எங்கள் உறைபெட்டி கத்தத் தொடங்கும்.
மைனஸ் எண்பது. எழுபத்தொன்பது.
காவலர் முகருரா ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே ஓடுவார்.
திட்டினால்தான் அது கிளம்புமாம்.

ஒரு பெட்டிக்கு எண்பத்தொரு குழாய்.
சிலவற்றில் அரிசியளவு சதை,
சிலவற்றில் ரத்தம் தெளிந்து நின்ற மஞ்சள் நீர்.
பெயர் கிடையாது. கோடுகள், எண்கள்.
பெயர் எழுதிய பேரேடு வேறு அறையில், வேறு பூட்டில்,
வேறு ஒருவர் இடுப்பில் அதன் சாவி.
நான் எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.
சைக்கிளில் இரண்டு பால் கேன்கள், காலியாக,
மூடிகள் கிலுகிலுத்துக்கொண்டு.
ருடாஹிக்வா என்றார். கெமிரெம்பேயின் அண்ணன்.
"ஞாயிறன்று புதைத்தோம்,
வாழைகளுக்கு நடுவே, அப்பாவுக்குப் பக்கத்தில்.
அவள் தொடையில் கொஞ்சம் வெட்டி எடுத்தீர்களாமே,
அதைக் கொடுங்கள். குழியை மறுபடி திறக்கிறேன்.
குறையோடு யாரையும் நாங்கள் மண்ணுக்குள் விடுவதில்லை."

ஆமாம் என்றால்
அவள் இந்தப் படிகளில் ஏறினாள் என்று சொன்னதாகும்.
வாசல் பலகையில் புற்றுநோய் என்று மட்டும்தான் இருக்கிறது.
அதற்குப் பின்னால் நிற்கும் எச்.ஐ.வி.
அண்ணன் காதுவரை போயிற்றா, தெரியாது.
இல்லை என்றால், பொய்யாகவும் இருக்கலாம்.
"ஐயா, இங்கே பெயர்களே இல்லை" என்றேன்.
உண்மைதான்.
உண்மையையும் கதவுபோலச் சாத்த முடிகிறது.

அவர் கோபப்படவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் உறைபெட்டியைப் பார்த்தார்,
தொழில் தெரிந்தவன் பார்க்கிற பார்வை.
"எங்கள் குளிர்தொட்டி நாலு டிகிரி.
கரண்டு போய்ப் பொழுது சாய்ந்தால்
நூறு வீட்டுப் பால் ஓடையில் போகும்.
உங்களுடையது எத்தனை நாள் தாங்கும்?"
"இருபது வருடம். அதற்கு மேலும்."
"அத்தனை வருடம் எதற்கு?"

சொல்லியிருக்கலாம்:
மாத்திரைகள் வந்த பிறகு சாவு தள்ளிப் போயிற்று,
புற்று மட்டும் ஏனோ கூடவே வருகிறது.
ஒரே மாத்திரை விழுங்கிய இரண்டு பேரில்
ஒருத்திக்கு ஏன் வந்தது, மற்றவளுக்கு ஏன் வரவில்லை,
இன்னும் யாருக்கும் தெரியாது.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"சரியான கேள்வியோடு ஒருவர் வரும்வரை."

"ஓ, விருந்தாளிக்கு எடுத்துவைத்த பால்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"வராமலே போனால்?"

நெறிக்குழு அலுவலகத்துக்கு வழி காட்டினேன்.
உச்சிவரை பெஞ்சில் இருந்தார்.
சாயங்காலப் பால் காத்திருக்கும் என்று எழுந்துபோனார்,
போகும்போது ஒரு பால் ரசீதின் முதுகில்
தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி உண்டு:
நான் இறந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம். ஆம். இல்லை.
சென்ற வருடம் ஒருத்தி அந்த ஆம் மேல்
பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.
வேறு தாள் தரட்டுமா என்றேன். இதுவே இருக்கட்டும் என்றாள்.
அவள்தானா இவள்? சாவி என்னிடம் இல்லை.
இருந்திருந்தால்
நான் நல்லவளாக இருந்திருப்பேனா என்பதும் தெரியவில்லை.

அன்றிரவே மின்சாரம் போனது.
எவ்வளவு திட்டியும் ஜெனரேட்டர் அசையவில்லை.
உலர்பனி புகைய,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெட்டி பெட்டியாகப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினோம்.
ஒரு பெட்டி சாய்ந்து குழாயொன்று நழுவியது.
எடுத்தேன். கையுறையோடு ஒட்டிக்கொண்டது,
விட ஒரு நொடி பிடித்தது.
எண்ணைப் படிக்கவில்லை.
அதன் குழியில் வைத்து மூடினேன்.

மைனஸ் எழுபத்தொன்று என்றது திரை.
முகருரா வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்,
"எல்லாரும் வந்துவிட்டார்களா?"
எண்ணினேன்.